ஃபிலிம் கேமராவுக்கு ட்ரைபாட்: வரப்பு, கல்தளம், கடல்மணல் மூன்றிலும் எது நிற்கும்?

கடையில் ட்ரைபாட் கேட்டால் முதலில் காட்டப்படுவது பெட்டியில் அச்சடித்த 'தாங்கும் எடை'. ஐந்து கிலோ, எட்டு கிலோ, பன்னிரண்டு கிலோ என்று அடுக்குவார்கள். நம் கேமராவே ஒரு கிலோ தேறாதே, இது போதாதா என்று தோன்றும். அந்த எண் எவ்வளவு சுமை வைத்தால் ட்ரைபாட் சரியாமல் இருக்கும் என்று மட்டும் சொல்கிறது. ஆடாமல் நிற்குமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. பேர் தெரியாத எட்டு கிலோக்காரனை விட நல்ல ஐந்து கிலோக்காரன் கெட்டியாக நிற்பதை விரலால் தட்டிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

ஃபிலிம் கேமரா ட்ரைபாடை வேலை வாங்கும் விதமே வேறு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஃபிலிமை நகர்த்தக் கையால் லீவரைத் தள்ள வேண்டும். நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 போன்ற 35 மிமீ உடல்களில் இது சிறு தள்ளல்தான். பெரிய ஃபிலிம் போடும் கனத்த மாமியா ஆர்பி67-ல் உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியையும் ஷட்டரையும் ஏற்றும் லீவர் பக்கவாட்டில் நீண்டு நிற்கிறது. அதை அழுத்தும்போது கேமரா மொத்தமும் திரும்பப் பார்க்கும். டிஜிட்டல் கேமராவில் இந்த முறுக்கு கிடையாது. ஆகவே ஃபிலிமுக்கு ட்ரைபாட் பார்க்கும்போது மேலிருந்து அமுக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கால்களை முழுக்க நீட்டி, நடுத்தண்டை இறக்கிவிட்டு, தலையை, அதாவது கேமரா உட்காரும் மேல்பகுதியை, இரண்டு கையாலும் பிடித்துக் கிணற்று ராட்டினம் போல வலமும் இடமும் திருகுங்கள். பாதம் தரையில் இருக்க மேல்தட்டு மட்டும் திரும்பி வந்தால், அந்த ட்ரைபாடை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

இரண்டாவது விஷயம் நேரம். ரோலைப் போட்டாயிற்று என்றால் அதன் வேகம், அதாவது ஒளியை உணரும் திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ எண், அதுதான். இருட்டினால் ஐஎஸ்ஓவை ஏற்ற வழியில்லை. போதாததற்கு நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் குறைந்துவிடும். மீட்டர் காட்டும் நொடியை 1.31 அடுக்குக்கு (பெருக்கல் அல்ல, கணித அடுக்கு) உயர்த்துங்கள் என்பது எச்பி5 பிளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அதைத் தயாரிக்கும் இல்ஃபோர்ட் தரும் கணக்கு. எஃப்பி4 பிளஸுக்கு 1.26. மார்கழி விடியலில் பனி கவிந்த வயலை எஃப்/16-ல் எடுக்கப் போய் மீட்டர் 8 நொடி காட்டினால், எச்பி5-க்கு 15 நொடி கொடுக்க வேண்டும். மீட்டர் 15 காட்டினால் 35 நொடி. அத்தனை நேரமும் மூன்று காலும் நகராமல் நிற்க வேண்டும்.

இனி வகைகளைப் பார்ப்போம்.

மூன்று கால்களையும் நடுவில் குச்சிகளால் பிணைத்த, தலையும் சேர்ந்தே வரும் லேசான ட்ரைபாடுகள் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. செல்போனுக்குச் சரி. அந்தப் பிணைப்பு ஒவ்வொரு காலையும் தனித்தனியாக விரிக்க விடாது. அரை அடி வரப்பின் மேல் நிறுத்தவே முடியாது. அடிக்கால் பென்சில் கனத்தில் இருக்கும். பிளாஸ்டிக் தலையை எவ்வளவு இறுக்கினாலும் லென்ஸ் பக்கம் மெல்லக் குனியும்.

முதல் ட்ரைபாட் வாங்குகிறவருக்கு எங்கள் சிபாரிசு மூன்று அடுக்கு அலுமினியக் கால். மான்ஃப்ரோட்டோ 055 வரிசையில் எம்டி055எக்ஸ்ப்ரோ3 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கால்கள் மட்டும் 2.5 கிலோ, நடுத்தண்டைத் தூக்காமல் 140 செமீ, தூக்கினால் 170 செமீ. அந்த 170-ஐ மறந்துவிடுங்கள். நடுத்தண்டைத் தூக்கிய கணமே மூன்று கால் போய் ஒற்றைக் கம்பத்தின் மேல் கேமரா நிற்கிறது. 165 செமீ உயரம் உள்ளவரின் கண் ஏறக்குறைய 153-ல் இருக்கும். ட்ரைபாடின் தலைக்கு 12 செமீ, கேமராவின் வ்யூஃபைண்டர் வரை 8 செமீ கழித்தால் 133 செமீ கால் போதும். இடுப்பளவில் குனிந்து பார்க்கும் யாஷிகா மேட், ஹாசல்பிளாட், ஆர்பி67 வைத்திருப்பவருக்கு இன்னும் குறைவு. அடி அடுக்கை நீட்டாமலே வேலை முடிந்துவிடும், அதுவே பெரிய லாபம், ஏனென்றால் குழாய் மெலிய மெலிய விறைப்பு மளமளவென்று குறைகிறது. சுவர்க்கனம் ஒன்றாகவே இருந்தாலும் விட்டம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். நான்கு அடுக்கு, ஐந்து அடுக்குப் பயண ட்ரைபாடுகளின் பலவீனம் இந்தக் கடைசிக் குழாயில்தான் இருக்கிறது.

055-ன் கால்கள் தனித்தனிக் கோணத்தில் நிற்கும். நீட்டிய காலை இறுக்கும் லாக் மடக்கு வகை. நாள்பட அது தளரும், தளர்ந்தால் அதற்குரிய சாவியால் திருகை ஒரு கால் சுற்று இறுக்கிக்கொள்ளலாம். நடுத்தண்டைப் படுக்கையாகத் திருப்பும் வசதியும் உண்டு. பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஃபிலிம் கேமராவை அப்படித் தொங்கவிட்டு 1/15 நொடியில் எடுப்பது ரோலை வீணாக்கும் வழி.

கார்பன் கால்கள் அதே விறைப்புக்கு எடை குறைவு, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும். பேருந்தில் மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் அலைகிறவருக்கு அந்த எடைக் குறைவு பெரிய விஷயம். ஆனால் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, கடற்கரையில் அந்த லேசு பாதகமாகத் திரும்பும். கையிருப்பு ஒன்றுக்குத்தான் என்றால் அலுமினியக் காலும் நல்ல தலையும் வாங்குங்கள். கார்பன் கால் வாங்கி மட்டமான தலையை மாட்டுவது பட்டு வேட்டிக்குக் கிழிந்த துண்டு.

காவிரி டெல்டாவில் யாரும் கவனிக்காத இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, சர்வேக்காரர்கள் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியை வைக்கும் ட்ரைபாட். நடுத்தண்டே கிடையாது. ஒவ்வொரு காலும் அகலமாக இரட்டைச் சட்டமாக இறங்குவதால் திருகினால் அசையாது. கூர்ப்பாதத்துக்கு மேல் சிறு படி இருக்கும். அதில் காலை வைத்து மிதித்தால் வண்டல் மண்ணில் ஒரு சாண் இறங்கி உட்காரும். அதன் போல்ட் 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 11 மரை. புகைப்படத் தலைகளுக்கு வேண்டியது 3/8 அங்குலம், 16 மரை. நடுவில் ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். தலையையே கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள், வாய்வார்த்தையாக அளவு சொன்னால் மரை மாறிவிடும். குறைகளும் இருக்கின்றன. எடை அதிகம். தாழ்வாக இறங்காது. காலுக்குக் கோணத் தடை இல்லாததால் வழவழப்பான தரையில் மூன்று காலும் விரிந்து கேமரா உட்கார்ந்துவிடும். வீட்டுத் தரையில் நிறுத்த வேண்டி வந்தால் மூன்று பாதத்தையும் ஒரே கயிற்றால் முக்கோணமாகச் சுற்றிக் கட்டுங்கள். கோயில் கல்தளத்துக்கு இதை எடுத்துப் போகவே கூடாது, கூர்முனை கல்லைக் கீறும்.

இன்னொன்று, கல்யாண வீடியோக்காரர்கள் கழித்துவிடும் பெரிய வீடியோ ட்ரைபாட். இரட்டைக் குழாய்க் கால்கள், 75 மிமீ கிண்ணம். முறுக்குக்கு அசையாத ரகம். அதன் தலை வீடியோவுக்கானது. மேலும் கீழும் பக்கமும் திரும்பும், கேமராவை நெட்டாகச் சாய்க்காது. தலையைக் கழற்றி, 75 மிமீ அரைக்கோள அடாப்டர் போட்டு, மேலே மூன்று திசையிலும் தனித்தனியாகத் திருப்பி இறுக்கும் மூவழித் தலையை மாட்டிவிடலாம். ஆர்பி67 வைத்திருப்பவருக்குத் தலை மாற்றும் தேவை இன்னும் குறைவு, ஏனெனில் அதன் பின்பக்கமே நெட்டுக்கும் கிடைக்கும் சுழலும். கிண்ணம் இருப்பதால் காலைத் தொடாமலே மட்டம் பார்க்கலாம். ஆனால் கால்களுக்கு நடுவில் விரிப்பான் இருந்தால் வரப்பில் நிற்காது. சமதரை, மண்டபம், ஸ்டூடியோ இவற்றுக்கே இது.

மரக்கால் பிரியர்களுக்கு ஜெர்மனியின் பெர்லெபாக் உண்டு. 1898-லிருந்து செய்கிறார்கள், ஆஷ் மரம். அதிர்வை அடக்குவதில் மரத்துக்கு இணை சொல்வது கடினம். இங்கே கிடைப்பதும் பழுது பார்ப்பதும் சிரமம் என்பதால் இதற்கு மேல் நீட்டவில்லை.

தலை. பந்துத் தலை வேகமானது, 35 மிமீக்குப் போதும். கனத்த கேமராவில் அதன் குணம் சரியில்லை: காட்சியை ஒழுங்கு செய்து இறுக்கியதும் ஃப்ரேம் ஒரு மயிரிழை கீழே இறங்கும். கோபுரத்தின் கலசத்தை விளிம்பில் நிறுத்தி வைத்திருந்தால் அது போய்விடும். ஹாசல்பிளாட், பென்டாக்ஸ் 67, ஆர்பி67 எல்லாவற்றுக்கும் மூவழித் தலையே மேல். மான்ஃப்ரோட்டோ 410 பல்சக்கரத் தலை 1.22 கிலோ, 5 கிலோ தாங்கும். குமிழைத் திருகினால் இம்மி இம்மியாக நகரும், விட்ட இடத்தில் நிற்கும். கட்டடம் எடுப்பவருக்கு இது வரப்பிரசாதம். பறவைக்கும் தேரோட்டத்துக்கும் உதவாது, அத்தனை மெதுவு.

கேமராவின் அடியில் திருகித் தலையில் மாட்டும் தகடான பிளேட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கேமராக்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். யாஷிகா மேட் 124ஜி-யில் பின்மூடியைத் திறக்கும் வளையம் ட்ரைபாட் துளையைச் சுற்றியே இருக்கிறது. பிளேட் மாட்டியிருந்தால் மூடி திறக்காது. 120 ரோலில் பன்னிரண்டு படம்தான். பன்னிரண்டுக்கு ஒரு முறை பிளேட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். ஆகவே அதற்கு விரலால் மடக்கித் திருகும் வளையம் உள்ள பிளேட் வாங்குங்கள், நாணயம் தேடும் ரகம் வேண்டாம். எஃப்எம்2, கே1000 இரண்டிலும் ரோலைத் திருப்பிச் சுற்றும்போது அமுக்கும் பொத்தான் அடித்தகட்டில் இருக்கிறது. அகலமான பிளேட் அதை மறைக்கும். வாங்குமுன் கேமராவைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். துளையின் ஆழத்தையும் பாருங்கள். பழைய உடல்களில் ஆழம் குறைவு. திருகின் நுனி அடியில் முட்டியது விரலுக்குத் தெரியும், அதற்குமேல் முறுக்கினால் அடித்தகடு வளையும். முட்டியும் பிளேட் இறுகவில்லை என்றால் நடுவில் மெல்லிய கார்க் தாள் வையுங்கள். பழைய ஐரோப்பிய கேமராக்கள் சிலவற்றில் துளையே 3/8 அங்குலம். உள்ளே 1/4-க்கான பித்தளை வளையம் போட்டிருப்பார்கள். அந்த வளையம் பிளேட்டோடு கழன்று வருவதும் உண்டு. அடுத்த முறை கேமரா எதிலும் நிற்காமல் போகும்போதுதான் அது காணாமல் போனது தெரியும்.

35 மிமீ கேமராவை நெட்டாகச் சாய்த்தால் கேமராவின் எடையே பிளேட்டின் திருகைத் தளர்த்தப் பார்க்கும். உடம்பின் ஓரத்தை அணைக்கும் சிறு உதடு உள்ள பிளேட் அதைத் தடுக்கும்.

இப்போது மண். டெல்டாவில் ட்ரைபாடின் நான்காவது கால் மண்தான். சம்பா நடவு முடிந்த வயலோரத்தில் ஆர்பி67-ஐ நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் 2.5, தலை 1, கேமரா 2.7 கிலோ, ஒவ்வொரு பாதத்துக்கும் இரண்டு கிலோ சொச்சம். 28 மிமீ ரப்பர் பாதம் அந்த எடையை ஆறு சதுர செமீ பரப்பில் இறக்குகிறது. சேறு மெல்ல உள்வாங்கும். 15 நொடி எக்ஸ்போஷரில் அரை மிமீ இறங்கினாலும் நெகட்டிவில் தெரியும். பலகைத் துண்டு வைப்பார்கள். அது களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும், பிடுங்கும்போது ட்ரைபாடே ஆடும். இதற்குக் கொட்டாங்கச்சியே போதும். தேங்காயின் கண் இல்லாத பாதியை எடுத்து, நாரைச் சுரண்டி, குழி மேலே பார்க்கச் சேற்றில் அமுக்குங்கள். பாதம் குழிக்குள் உட்காரும். பத்து செமீ அகலம் இருந்தால் மண்மேல் அழுத்தம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும். உருண்டை அடி என்பதால் பிடுங்கும்போது சேறு கவ்வாது.

பாதம் பதித்தபின் கேமராவை மாட்டுமுன் தலையின் மேல் இரண்டு கையையும் வைத்து, உடம்பின் பாரத்தில் கொஞ்சம் கொடுத்து அமுக்கி விடுங்கள். இறங்க வேண்டிய அளவு இறங்கிவிட்டால், அதைவிடக் குறைந்த எடைக்கு அது மறுபடி இறங்காது. பையைத் தொங்கவிடுவதானால் இந்தக் கட்டத்திலேயே தொங்கவிடுங்கள். அதுவும் தரையைத் தொட்டபடி. ஆடும் பை ஊசல்தான், உதவாது.

வரப்பில் இரண்டு காலை வரப்பின் நீளவாக்கில் மேலே வையுங்கள், மூன்றாவதை மட்டும் வயலுக்குள் நீட்டுங்கள். வழக்கமாக லென்ஸுக்கு நேர்கீழே ஒரு கால் இருக்க வேண்டும் என்பார்கள். இங்கே அது பொருந்தாது. சேற்றுக்கால் பின்புறம் இருக்கட்டும், பாரம் வரப்பின் மேல் விழட்டும். தடித்த அடுக்கை முதலில் நீட்டு என்ற விதியும் சேற்றில் தலைகீழ். அடி அடுக்கை முழுக்க நீட்டினால்தான் லாக் சேற்றுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும். காய்ந்த வண்டல் லாக்குக்குள் சிமெண்ட் மாதிரி.

காற்றுக்கு ஒரே ஒரு குறிப்பு: தோள்பட்டையைக் கழற்றுங்கள். காற்றில் படபடக்கும் பட்டை ட்ரைபாடை ஆட்டுகிற ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். கொள்ளிடப் பாலங்களில் பேருந்து கடக்கும்போது தளமே அதிர்கிறது. அந்த நேரம் எந்த ட்ரைபாடும் ஒன்றுதான், வண்டி போகும்வரை காத்திருக்க வேண்டும்.

வாங்கிய ட்ரைபாடைச் சோதிக்க முதலில் ரோலைச் செலவழிக்க வேண்டாம். லேசர் பாயிண்டரை லென்ஸின் மேல் டேப்பால் ஒட்டி, ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் புள்ளியை விழவிடுங்கள். காலை விரலால் சுண்டுங்கள். புள்ளி ஓய எத்தனை நொடி என்று எண்ணுங்கள். ஒரு நொடிக்குள் ஓய்ந்தால் நல்லது. மூன்று நொடி நடுங்கினால் எங்கோ தளர்வு. பிறகு கேபிள் ரிலீஸால், அதாவது கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கம்பியால், ஷட்டரை அடியுங்கள். கண்ணாடி எழும்போது புள்ளி துள்ளும். துள்ளல் செங்குத்தாக இருந்தால் தலை, பக்கவாட்டில் இருந்தால் கால்.

அடுத்து ஒரு 36 ரோல். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, 1/125-லிருந்து 1 நொடிவரை எட்டு வேகங்கள். ஒவ்வொரு வேகத்திலும் நான்கு படம்: கண்ணாடியைத் தூக்கியும் தூக்காமலும், நடுத்தண்டு இறங்கியும் ஏறியும். மொத்தம் 32. அப்பர்ச்சர் மாறுவதால் ஒரு வேகத்தை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். அந்தந்த வேகத்துக்குள் நான்கையும் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் பாருங்கள். 1/30-லிருந்து 1/4 வரைதான் பெரும்பாலும் மாட்டும். இன்னும் மெதுவான வேகங்களில் துள்ளல் ஓய்ந்த நேரமே அதிகம், அதனால் பாதிப்பு கரைந்துவிடும். எஃப்எம்2-வில் செல்ஃப் டைமர் கண்ணாடியை முதலிலேயே தூக்கிவிடுகிறது, கேபிளை விட அதுவே உத்தமம். கே1000-ல் செல்ஃப் டைமரும் இல்லை, கண்ணாடியை முன்கூட்டித் தூக்கும் வசதியும் இல்லை, அந்தக் கேமராவுக்குத்தான் மற்ற எல்லாவற்றையும் விடக் கெட்டியான கால் வேண்டும். ஆர்பி67-ல் லென்ஸில் உள்ள வளையத்தைத் திருப்பினால் உடலின் பொத்தான் கண்ணாடியை மட்டும் தூக்கும், ஷட்டரை லென்ஸில் மாட்டிய கேபிள் அடிக்கும். நடுவில் ஐந்து நொடி விடுங்கள். கேபிள் தொய்வாகத் தொங்க வேண்டும், விறைத்த கேபிள் கேமராவை இழுக்கும்.

கழுவிய நெகட்டிவே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். ஓட்டு விளிம்பு, வரப்பு, படிக்கட்டு போன்ற கிடைக்கோடுகள் இரட்டித்து, தூண்களும் தென்னைகளும் கூர்மையாக இருந்தால் அசைவு மேலும் கீழுமாக நடந்திருக்கிறது. பாதம் இறங்கியது, அல்லது தலை குனிந்தது, அல்லது கண்ணாடி துள்ளியது. தூண் விளிம்பு இரட்டித்துப் படிகள் கூர்மையாக இருந்தால் முறுக்கு. காலோ பிளேட்டோ திரும்பியது, இல்லை காற்று. அருகில் கூர்மை, தூரத்தில் மங்கல் என்றால் ட்ரைபாடைத் திட்டாதீர்கள், ஃபோகஸ் தவறு.

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பவை. ட்ரைபாடோடு படமெடுக்க முன் அனுமதி வாங்க வேண்டும். மற்றக் கோயில்களில் அலுவலகத்தில் கேட்டுவிட்டே பையைத் திறங்கள். அனுமதி கிடைத்தால் ரப்பர் பாதம் கட்டாயம். விளக்கு வைக்கும் இடங்களில் கல்லில் எண்ணெய் ஊறியிருக்கும், அங்கே கால் வைத்தால் வழுக்கும். ஈரத்துணியால் ஒற்றினாலும் போகாது, இரண்டடி தள்ளி நிறுத்துங்கள்.

தரங்கம்பாடி, பூம்புகார், கோடியக்கரை மணலிலும் வேதாரண்யம் உப்பளத்திலும் நிறுத்தியிருந்தால் அன்றிரவே கழுவ வேண்டும். கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் அலசுங்கள். திருகு லாக் என்றால் ஒவ்வொரு காலாகக் கழற்றுங்கள், மூன்றையும் ஒரே நேரத்தில் பிரித்தால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் கலந்துபோகும். மரையைப் பழைய டூத்பிரஷால் தேய்த்து, நிழலில் ஒரு நாள் காயவிட்டு, சிலிக்கான் கிரீஸை மரையில் மட்டும் மெல்லிதாகப் பூசுங்கள். குழாய்மேல் பட்டால் துடைத்துவிடுங்கள், லாக் பிடிக்காது. தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது; மணலை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும்.